மரியாமா வீட்டு அரிசி மூட்டை

இந்தத் தொலைபேசிக்கு முன்னால் எனக்குப் பின் அமரப்போகும் தோழர்களே,

தலை நரைக்காத ஒருத்தி ஓய்வுபெற்றவளைப்போல் பேச வந்திருக்கிறாள் என்று நீங்கள் உள்ளுக்குள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரியுங்கள். விடைபெறுகிறவளுக்கு எந்த வயதானாலும் இறுதியாகப் பேசும் உரிமை உண்டு. அந்த உரிமையை எந்த மேடையிலும் நான் விட்டுக்கொடுத்ததில்லை.

நமது சங்கத்தின் வேலையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். இத்தாலியின் பலேர்மோவில் இருப்பவர்கள் மனமுவந்து தருவதைச் சேர்த்து, காம்பியாவின் உட்பகுதியிலுள்ள ஒரு கிராமத்துக்கு அனுப்புகிறோம். தானியமாக அல்ல, போர்வையாக அல்ல, காசாக, நேரே அவர்களது கைத்தொலைபேசிக்கு. எந்த வீட்டையும் நாம் தெரிவுசெய்வதில்லை. கிராமத்தின் எல்லா வீடுகளுக்கும் போகிறது. எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று சொல்வதும் இல்லை. பிறகு அழைக்கிறோம், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறோம், கேட்டதைத் தந்தவர்களுக்கு எடுத்துச் சொல்கிறோம். கணினியில் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதை வேறு யாராவது உங்களுக்குக் காட்டுவார்கள். அதற்கு நான் தேவையில்லை.

நான் இந்த வேலைக்கு எடுக்கப்பட்டது பேச்சுக்காக. தேவாலயப் பங்கு மண்டபத்தில் நடந்த தமிழ்ப்பள்ளிப் பேச்சுப்போட்டிகளில், எனக்கு எதிரே பெயர் கொடுத்தவர்கள் பெயரை மீளப் பெற்றுக்கொண்ட வரலாறு உண்டு. இதை அடக்கமாகச் சொல்லும் வழி எனக்குத் தெரியாது. ஆகவே உள்ளபடியே சொல்கிறேன். தமிழிலும் இத்தாலிய மொழியிலும் கொடுத்த நேரத்துக்குள் எந்தத் தலைப்பையும் வென்று இறங்குவேன்.

வந்த புதிதில் என் முதல் எதிரி ஓர் ஆடு.

என் அம்மா மன்னாரிலிருந்து வந்தவர். லிபெர்த்தாப் பகுதியில் ஒரு முதிய இத்தாலியப் பெண்மணியை, சிஞ்ஞோராவை, பராமரிக்கிறார். அந்தச் சிஞ்ஞோரா நமது சங்கத்துக்குத் தவறாமல் தருபவர். தருகிறவர்களின் மனக்கண்ணில், தோழர்களே, எப்போதும் ஓர் ஆடு நிற்கும். ஆப்பிரிக்கக் கிராமத்துக்குப் போகும் காசு ஆடாக மாறியே தீரவேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை.

"பிள்ளை, சிஞ்ஞோரா கேக்கிறா, ஆடு வாங்கிட்டினமோ எண்டு" என்றார் அம்மா ஒருநாள்.

"மெத்தை வாங்கியிருக்கினம் அம்மா."

"மெத்தையோ! எடி, ஆடு எண்டு சொல்லிவிடன். மனுசிக்கு ஆடெண்டால் ஒரு சந்தோசம்."

"நீங்கள் ஊருக்குக் காசு அனுப்பேக்கை, மாமி என்ன வாங்கினவா எண்டு கேக்கிறனீங்களோ?"

"கேப்பன். அவ பொய் சொல்லுவா. நான் நம்புவன். அதுதானே சொந்தம் எண்டுறது."

நான் பொய் சொல்லவில்லை. பொலிதேயாமா அரங்குக்கு அருகே நடந்த அடுத்த கூட்டத்தில் அந்த மெத்தையைப் பற்றியே பேசினேன். நிலத்தில் குனிந்து குனிந்து முதுகு முறிந்த ஒருவர், வாழ்நாளில் முதன்முறையாக விடியும்வரை உறங்கினார் என்றேன். உறங்கி எழுந்தவர் எப்படி உழுவார் என்று கேட்டு நிறுத்தினேன். சிஞ்ஞோரா கைக்குட்டையை எடுத்தார். ஆடு தோற்றது.

அந்த மெத்தையை வாங்கிய வீடுதான் மரியாமாவின் வீடு. இனி நான் சொல்லப்போவது அந்த வீட்டைப் பற்றியது மட்டுமே.

மரியாமாவின் மொழி மண்டிங்கா. அதை இத்தாலிய மொழியில் எனக்குத் தருபவள் ஆவா. தொடருந்து நிலையத்தை அண்டிய கடையொன்றில் தலைமுடி பின்னுகிறவள், என் வயதுக்காரி, வாய் என்னுடையதைவிடக் கூர்மையானது. அழைப்பு நாட்களில் இங்கே வந்து என் அருகில் அமர்வாள். அவளும் நானும் கதைத்ததைத் தமிழாக்கியே உங்களுக்குச் சொல்கிறேன்.

மெத்தையில் உறங்குகிறவர் மரியாமாவின் கணவர். அவர்களுக்கு ஒரு மகள் இசாத்து. மூத்தவன் மகன் லமின். அவன் கடல் கடந்து வந்து இதே பலேர்மோவில் இருந்தான். பொலிதேயாமாப் பக்கத்து உணவகமொன்றில் என் அப்பா சமையல். அதே சமையலறையில் லமின் பாத்திரம் கழுவினான். அப்பாவிடம் தமிழ் கற்றுக்கொண்டு, என்னைவிட மூத்தவனாக இருந்தும் என்னை அக்கா என்பான். முதலாளியைத் 'தம்பி' என்பான். முதலாளி அதை ஏதோ பட்டம் என்று எண்ணி மகிழ்ந்திருந்தார்.

நமது காசு போவதற்கு முன் அந்த வீட்டின் ஆண்டு எப்படிச் சுழன்றது என்பதைக் கேளுங்கள். அவர்கள் விதைப்பது கச்சான், அதாவது நிலக்கடலை. அறுவடைக்கு முந்திய மழை மாதங்களில் வீட்டில் உண்ண எதுவும் இராது. அப்போது விதைக்கென்று கட்டிவைத்த கச்சானை உடைத்துத் தின்ன வேண்டும்; விதையைத் தின்ற வீடு அந்தப் பருவத்தில் பாதி நிலத்தைத் தரிசாய் விடும். அந்த மாதங்களில் இசாத்து பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு அடுத்தவர் நிலத்தில் களை பிடுங்குவாள். இந்தச் சுழற்சிக்குள் குறுக்கே நின்ற ஒரே தடுப்பு லமின். மாதந்தோறும் அவன் அனுப்புவது ஓர் அரிசி மூட்டையாக மாறி வீட்டுக்குள் வரும்; மாதம் முடியும் முன்னே அது தீர்ந்துவிடும்.

அந்த மூட்டையைப் பிரிப்பதற்கு அந்த வீட்டில் ஒரு முறை இருந்தது. தையலை அறுக்கும் முன் மரியாமா லமினுக்கு அழைப்பெடுக்கச் சொல்வாள். தொலைபேசியை மூட்டையின்மேல் வைத்து, இது யாருடைய வியர்வையில் வந்ததோ அவன் பெயரைச் சொல்லி உரத்துத் துஆ கேட்பாள், இறைவனிடம் வேண்டுவாள். அவன் கைகள் களைக்கக்கூடாது, அவன் பாதையில் முள் இருக்கக்கூடாது என்று. சமையலறையின் பின்கதவுப் படியில் ஈரக்கையோடு நின்று லமின் அதைக் கேட்பான். "அந்த நேரம் உவனை ஒருத்தரும் கூப்பிடப்படாது" என்று அப்பா மற்றவர்களை அதட்டி வைத்திருந்தார்.

பிறகு நமது காசு போகத் தொடங்கியது.

அது செய்தவற்றை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நாளை ஒருவர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, பார்த்தீர்களா, காசு கொடுப்பதே பிழை என்று உங்களிடம் வாதாட வருவார். அவரைத் தோற்கடிப்பது உங்கள் கடமை. விதை காப்பாற்றப்பட்டது. நிலம் முழுவதும் விதைக்கப்பட்டது. புல் வேய்ந்த கூரை தகரமானது. இசாத்து ஒரு பழைய சைக்கிளில் தூரத்துப் பள்ளிக்குப் போனாள். மழை மாதங்களிலும் போனாள். லமினின் தகப்பன் மகனை அழைத்து, "இனி நீ அனுப்ப வேண்டாம், போதும், உனக்கென்று வைத்துக்கொள்" என்று வாழ்த்தினார். அன்பினால் சொல்லப்பட்ட சொல் அது. அதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை.

அதே நாட்களில் ஓர் அழைப்பின் முடிவில் மரியாமா என் பெயரைக் கேட்டாள். பெயர் சொல்லித் தொடங்காத பேச்சாளரை அவை மதிப்பதில்லை என்று பயின்றவள் நான். டிலானி என்றேன். அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் தடவை பிழையில்லாமல் வந்தது.

அதன்பின் ஒரு பிற்பகல், உணவகம் இரண்டு வேளைக்கும் நடுவே மூடியிருக்கும் நேரத்தில், லமின் இந்த அறைக்கு வந்தான். அதோ, நீங்கள் பை வைத்திருக்கிற அந்தக் கதிரையில் இருந்தான். விரல் நுனிகள் நீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

"அக்கா, எங்கடை வீட்டுக் காசை நிப்பாட்டுங்கோ."

ஆவா நிமிர்ந்து பார்த்தாள். நான் காரணம் கேட்டேன்.

"மற்ற வீடுகளுக்குக் குடுங்கோ. அங்கை கஸ்டப்பட்ட ஆக்கள் இருக்கினம். என்ரை அம்மாவுக்கு நான் இருக்கிறன்."

தோழர்களே, ஒரு வீட்டின் காசை நிறுத்தும்படி வெளியிலிருந்து யார் கேட்டாலும் நிறுத்த நமக்கு உரிமையில்லை. மகன் கேட்டாலும் இல்லை. அந்த முடிவு சரியானது. இன்றும் அதையே எடுப்பேன். அதை ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு நான் அமைதியாக இருந்திருக்கலாம். ஆனால் எதிரே ஒரு வாதம் நின்றது. விதையைச் சொன்னேன். தகப்பனின் முதுகைச் சொன்னேன். இசாத்துவின் சைக்கிளைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினேன். தாழ்த்தினால் அவை முன்னே சாயும் என்பது எனக்குத் தெரியும். கடைசியாக அவன் காலைக் காட்டினேன்.

"எத்தினை வருசமா இந்த ஒரு சப்பாத்தோடை திரியிறியள்? உங்களுக்கும் ஒரு சீவியம் வேண்டாமோ?"

அவன் தன் சப்பாத்தைப் பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

"ஓம் அக்கா. நீங்கள் சொல்லுறதிலை ஒரு பிழையும் இல்லை."

எழுந்து கதவுவரை போனான். அங்கே நின்று, கோபமே இல்லாத குரலில் சொன்னான்:

"போன கிழமை மூட்டை பிரிக்கேக்கை எனக்குப் போன் எடுத்தவை. அம்மா துஆவிலை உங்கடை பேரைச் சொன்னவா. நல்ல பேர் அக்கா."

கதவு சாத்தப்பட்ட பிறகு ஆவா கேட்டாள்: "வெண்டிட்டாய், என்ன?"

"ஓம்."

"ஆரை?"

அடுத்த அழைப்பில் மரியாமாவிடம் வேண்டினேன்: என் பெயரைச் சொல்லாதீர்கள், பழையபடி மகனின் பெயரையே சொல்லுங்கள். அவள் சிரித்தாள் என்று ஆவா சொன்னாள். சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. "அரிசி உன் பக்கமிருந்து வருகிறது. அவன் பெயரைச் சொன்னால் இறைவனிடம் பொய் சொன்னதாகாதா? அவனுக்காக வேறு நேரத்தில் கேட்கிறேன். ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். அது அவனுக்குத் தெரியும்."

அது அவனுக்குத் தெரியும். ஆயினும் அவன் அழைப்பது குறைந்தது. பிறகு நின்றது. அவர்கள் எடுத்தால், வேலையில் நிற்கிறேன் என்பான். பின்னர் எடுப்பதையும் விட்டான். அப்பாவிடம் விசாரித்தேன்.

"வாறான், கழுவுறான், போறான். முந்தி என்னோடை தனகுவான், பாட்டுப் பாடுவான். இப்ப வாய் திறக்கிறானில்லை. நீங்கள் உவனுக்கு என்ன செய்தனீங்கள்?"

"நாங்கள் ஒண்டும் செய்யேல்லை அப்பா. அவையின்ரை வீட்டுக்குக் காசு போகுது. நல்லா இருக்கினம்."

அப்பா கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்கடை பள்ளிக்கூடக் கொப்பி, சீட்டுக்காசு எல்லாத்தையும் அரசாங்கம் கட்டுது, நீ இனி வீட்டுப் பக்கம் மினக்கெடாதை எண்டு என்னையும் ஆரும் சொன்னால், நானும் பேசாமல்தான் இருப்பன்."

மழை மாதம் வந்தது. விதை பத்திரமாக இருந்தது. வழமைபோல அழைத்தோம். மரியாமா எல்லாக் கேள்விக்கும் நல்ல பதிலே தந்தாள்: உணவு இருக்கிறது, உடம்பு சுகம், மகள் பள்ளியில். பிறகு தானாகச் சொன்னாள். இம்முறை வாங்கிய மூட்டையை அவள் பிரிக்கவில்லை. தைத்தபடியே மெத்தைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறாள். அன்றாடச் சமையலுக்குக் கடையில் கோப்பைக் கணக்கில் அரிசி வாங்குகிறாள். லமின் தொலைபேசியில் வருகிற அன்றுதான் அந்தத் தையல் அறுபடும் என்றாள்.

பிறகு அவள் ஒன்று கேட்டாள். நான் தோளைத் தொட்ட பிறகே ஆவா அதை மொழிபெயர்த்தாள்.

"காசு நிண்டுபோச்செண்டு உன்னை அவனிட்டைச் சொல்லட்டாம். கூரை பறந்துபோச்செண்டு சொல்லட்டாம். ஏதாவது ஒண்டு இல்லையெண்டு சொல்லட்டாம்."

இறைவனிடம் பொய் சொல்லமாட்டேன் என்று சிரித்த அதே பெண்.

நான் பதில் தருவதற்குள் அவளுடனான தொடர்பு அறுந்தது, அங்கே மழை. அதே கிழமையில் அப்பா அழைத்தார். மூச்சு வாங்கியது.

"எடி பிள்ளை, உவன் வேலையை விட்டிட்டான். இண்டைக்கு ஜெனோவாக் கப்பலுக்குப் போறானாம். அங்கை வடக்கிலை பெரிய குளிர். என்ரை நீலச் சட்டையைக் குடுத்துவிட்டனான், அந்தத் தடிச்சதை. ஓடிப்போய் ஒருக்காப் பார்."

ஆவா ஒரு பெண்ணின் தலையைப் பாதி பின்னியபடி விட்டுவிட்டு வந்தாள். துறைமுகத்தில் பாரவண்டிகள் கப்பலின் வயிற்றுக்குள் ஏறிக்கொண்டிருந்தன. நடைப்பயணிகளின் வரிசையில் லமின் நின்றான். ஒரு பை, அப்பாவின் நீலக் குளிர்ச்சட்டை, கையில் கடதாசியில் சுற்றிய பாண் ரொட்டி. வெயில் இறங்கியிருந்தாலும் சட்டையை இறுகப் பூட்டியிருந்தான்.

"சொல்லு," என்றாள் ஆவா என் காதருகே. "தாய் கேட்டது. உன்ரை பொய்யில்லை, அவவின்ரை. ஒரு வசனம். அவன் திரும்பி வந்திடுவான்."

வந்திருப்பான். இதில் எனக்கு ஐயமே இல்லை. நான் அதை எப்படிச் சொல்வேன் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது: மூச்சு வாங்குவதுபோல் நடிக்கக்கூடத் தேவையில்லை, உண்மையாகவே மூச்சு வாங்கியது. அவன் பையை இறக்கிவைப்பான். பாத்திரம் கழுவும் அந்தத் தொட்டிக்கே திரும்புவான். கூரை பறக்காத ஒரு வீட்டுக்குக் கூரைக்காக உழைப்பான். படியில் நின்று தன் பெயரைக் கேட்பான், மகிழ்வான்.

"வீட்டிலை எல்லாருக்கும் சுகமோ அக்கா?" என்று அவனே கேட்டான்.

இந்த வேலையில் உங்களுக்கும் இப்படி ஒரு கணம் வரும். யோசிக்க அவகாசமிராது, அருகில் இருப்பவர் அவசரப்படுத்துவார், இரண்டு பக்கமும் அன்பே நிற்கும். எந்தப் பக்கம் சரியென்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை, எனக்குத் தெரியாது. நான் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

"ஓம். எல்லாருக்கும் சுகம். ஒரு குறையும் இல்லை," என்றேன். "ஆனால் அம்மா மூட்டையைப் பிரிக்காமல் வைச்சிருக்கிறா. உங்கடை குரல் கேக்கவேணுமாம்."

அவன் கப்பல் பக்கம் திரும்பினான்.

"எடுத்து என்னத்தை அக்கா கதைக்கிறது? இவ்வளவு காலமும் என்ன வேணும், எவ்வளவு வேணும் எண்டுதானே கதைச்சனாங்கள். அது இல்லாமல் கதைக்க எனக்குத் தெரியாது. அவைக்கும் தெரியாது."

"ஒண்டும் கதைக்க வேண்டாம். சும்மா எடுங்கோ."

"எடுப்பன்," என்றான். "ஏதாவது ஒண்டு என்ரை கையிலை வரட்டும். எடுப்பன்."

வரிசை நகர்ந்தது. ஆவா என்னோடு வீடுவரை நடந்தாள். கதவடியில் சொன்னாள்: "மேடையிலை இவ்வளவு கதைக்கிறாய். அங்கை போய் ரெண்டு வசனம்."

அவன் எண் மாறிவிட்டது. ஜெனோவாவில் இருப்பதாக அப்பாவுக்கு ஒருமுறை செய்தி வந்தது; அதன்பின் இல்லை. மரியாமாவிடம் நான் எதையும் மறைக்கவில்லை. அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு மறுமொழி இருந்திருக்கும்.

மாறாக, ஒவ்வொரு அழைப்பிலும் நமது கேள்விகள் முடிந்த பிறகு, அவள் ஒன்று கேட்பாள்: அவன் போன நாளைச் சொல். நான் சொல்வேன். அடுத்த முறை மறுபடி கேட்பாள். எத்தனையோ தலைப்புகளில் பேசிக் கேடயங்கள் வாங்கியவள் நான். ஆயினும் மீண்டும் சொல் என்று என்னிடம் ஒருவர் கேட்டது அந்த ஒரு பேச்சை மட்டுமே.

அடுத்த அழைப்பை நீங்கள் எடுக்கப்போகிறீர்கள். உணவைக் கேளுங்கள், இருக்கிறது என்பாள். கூரையைக் கேளுங்கள், நல்லது என்பாள். மூட்டையைப் பற்றி நீங்கள் கேட்கவேண்டாம். அது மெத்தைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. உங்கள் பெயரைக் கேட்டால், லமின் இருந்த ஊரிலிருந்து கதைக்கிறோம் என்று சொல்லுங்கள். அதன்பின் அவள் சற்று மௌனமாக இருப்பாள். இணைப்பு அறுந்ததென்று எண்ணி வைத்துவிடாதீர்கள். ஆவா உங்களைப் பார்த்துத் தலையசைப்பாள். அப்போது சொல்லத் தொடங்குங்கள்: வெயில் இறங்கிய நேரம். கடல் அமைதியாக இருந்தது. அவன் கையில் பாண் இருந்தது, பசியோடு போகவில்லை. குளிருக்குத் தடித்த சட்டை போட்டிருந்தான். சட்டை நீலம். அதில் மட்டும் பிழை விட்டுவிடாதீர்கள், அவளுக்கு மனப்பாடம்.